மூன்றாம் படியில் வெயில்

ஆடி மழை. இங்கே கர்க்கடகம்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் மேல் ஒரு மாடிச் சன்னல். தார்ப்பாயில் விழும் மழைக்கு ஓர் ஓசை. ஓட்டில் விழுவதற்கு வேறு ஓசை. ஈரச் சாக்கில் விழுவது கேட்பதே இல்லை.

கீழே கிட்டங்கியில் சுக்கு மூட்டைகள். மழை நாளில் அதன் வாடை மேலெழும்புவதில்லை. தரையோடு தரையாக வந்து, படியேறி, பாயில் உட்காருகிறது.

பகல் 12.30. கைப்பேசி ஒரு தரம் அதிர்கிறது.

அங்கே காலை எட்டு.

*

நாற்பது விநாடிப் படம்.

தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு பலகை. அதன் மேல் சிவந்த விளக்கு. விளக்கின் கீழே மூன்று லெமூர்கள்.

வளையவால் லெமூர். கறுப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாக இறங்கும் வால். எப்போதும் கறுப்பில்தான் முடிகிறது.

மகளின் குரல் மட்டும் கேட்கிறது. "ரெண்டு பாட்டியும் எழுந்தாச்சு. தாத்தா இப்பதான் கண்ணத் திறக்கிறாரு."

பிறகு வைக்கோல் சரசரப்பு.

பிறகு ஒன்றுமில்லை.

*

மகளுக்கு அங்கே விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இங்கிலாந்தின் வடக்கே, கடலோரச் சிற்றூர் ஒன்றில், சிறிய காட்சிசாலை. யானை இல்லை. புலி இல்லை. ஒரு சுற்று நடந்துவர அரை மணிகூட ஆகாதாம்.

லெமூர்களில் மூத்தவளுக்கு 24 வயது. தங்கைக்கு 22. ஆணுக்கு 21.

காட்டில் இருபதைத் தொடுவது அரிது.

*

விளக்கு சூடேறுகிறது.

மூத்தவள் நிமிர்ந்து உட்காருகிறாள். பின்கால்களை விரிக்கிறாள். கைகளை முழங்கால்மேல் மலர்த்தி வைக்கிறாள். வெள்ளை வயிறு விளக்கைப் பார்த்தபடி.

தங்கையும் அப்படியே.

காலையில் இவை இப்படித்தான் வெயில் காயும். மடகாஸ்கரின் தெற்கே இரவுகள் குளிர்ந்தவை. விடிந்ததும் மொத்தக் கூட்டமும் கிழக்கு நோக்கி உட்கார்ந்துவிடும்.

இந்த மூன்றும் அந்தத் தீவைக் கண்டதில்லை. இவற்றின் தாய்களும் கண்டதில்லை.

கைகள் மலர்கின்றன.

*

மழை நிற்கிறது. ஓட்டு விளிம்பில் துளி ஒன்று கனக்கிறது. இன்னும் கனக்கிறது.

*

என் வலது முழங்காலில் ஒரு சின்ன மணல்மூட்டை. எழும்போது அது நகர்கிறது. உட்காரும்போது இடம் மாறுகிறது.

மூட்டு தேய்மானம் என்று எழுதிய சீட்டு அலமாரியில்.

தேய்மானம். நகைக்கடையிலும் இதே சொல்.

*

மகள் அனுப்பிய குறிப்பு.

மூத்தவளின் எடை 2 கிலோ 150 கிராம். போன வாரத்தைவிட 40 கிராம் குறைவு. தங்கைக்கு மாற்றமில்லை.

யாரும் பிடித்து வைப்பதில்லை. தராசைத் தரையில் வைக்கிறார்கள். அவள் தானாக வந்து ஏறி உட்காருகிறாள். வெந்த சர்க்கரைவள்ளித் துண்டு ஒன்று கைக்கு வருகிறது. எண் நிற்கும்வரை அசையாமல் இருக்கிறாள்.

கீழே கிட்டங்கியிலும் தராசு. மூட்டை ஏறுகிறது. முள் நடுங்குகிறது. நிற்கிறது.

நாற்பது கிராம் என்பது எவ்வளவு. சமையலறையில் மிளகை அள்ளிப் பார்க்கிறேன். ஒரு கையில் அடங்குகிறது.

*

கர்க்கடக வாவு. ஆடி அமாவாசை. ஆலுவாவில் பெரியாற்றங்கரை மணப்புறத்தில் விடியற்காலையிலேயே கூட்டம். இலையில் பிண்டம். ஈரக் கையைத் தட்டிக் காகத்தை அழைக்கிறார்கள்.

லெமூர் என்பது லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரவில் வீட்டுக்குள் உலவும் இறந்தோரின் ஆவிகளை ரோமர்கள் அப்படி அழைத்தார்கள். மே மாதத்தில் அவற்றுக்கென்று இரவுகள் இருந்தன. வீட்டுத் தலைவர் நள்ளிரவில் வெறுங்காலோடு நடந்து, கறுப்பு அவரையைத் திரும்பிப் பார்க்காமல் எறிவார்.

திரும்பிப் பார்க்காமல் என்பது அங்கேயும்.

காகம் வருகிறது. இலை அசைகிறது.

*

அந்தப் பெயரை விலங்குக்கு வைத்தவர் லின்னேயஸ். ஸ்வீடன்காரர். முதலில் வைத்தது மடகாஸ்கர் விலங்குக்கு இல்லை. இலங்கைத் தேவாங்குக்கு. இரவில் நடப்பதாலும், மெல்ல நடப்பதாலும். 1758-ல் வந்த அவர் பட்டியலில் தேவாங்கும் வளையவாலும் ஒரே பெயரின் கீழே அடுத்தடுத்து.

பிறகு தேவாங்குக்கு வேறு பெயர் வந்துவிட்டது.

உறவு இருக்கிறது. ஈர மூக்கு இரண்டுக்கும். காலின் இரண்டாம் விரலில் சொறிந்துகொள்ள ஒரு நகம் இரண்டுக்கும்.

*

கடவூர் மலையடிவாரம். பிறந்த ஊர்.

இரவில் வேலிக் கிளுவையில் இரண்டு வட்டங்கள் ஒளிர்ந்து நிற்கும். அப்பா அரிக்கேன் விளக்கைத் தாழ்த்துவார். வட்டங்கள் அணையும். ஒரு கிளை தள்ளி மறுபடி.

"தேவாங்கு மாதிரி முழிக்கிறா பாரு" என்பாள் அப்பத்தா. எல்லா வீட்டிலும் ஏதாவதொரு பிள்ளை தேவாங்கு.

2022 அக்டோபரில் அந்த மலைகளையும் சேர்த்து 11,806 எக்டேரைத் தேவாங்குக்கான சரணாலயமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே முதலாவது. செய்தித்தாளில் ஊர்ப்பெயரைப் பார்த்ததும் விரல் அந்த வரியின்மேல் நின்றது.

இன்னும் நிற்கிறது.

*

லெமூரியா.

அந்த விலங்கைப் பார்ப்பதற்கு முன்பே இந்தச் சொல் தெரியும். ஆறாம் வகுப்பு. தமிழய்யா கரும்பலகையில் குமரிக்குக் கீழே ஒரு பெரிய நிலத்தைச் சுண்ணக்கட்டியால் வரைகிறார். பஃறுளியாறு என்று எழுதுகிறார். பிறகு உள்ளங்கையால் மெல்லத் துடைக்கிறார். கடல்கோள் என்கிறார். சுண்ணத்தூள் மேசையில் விழுகிறது.

1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர் அந்தப் பெயரை உண்டாக்கினார். மடகாஸ்கரில் லெமூர். கடலுக்கு இந்தப் பக்கம் அதன் உறவுகள். நடுவே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று எண்ணினார். லெமூரின் பெயரையே நிலத்துக்கு வைத்தார்.

நிலம் மூழ்கவில்லை. நகர்ந்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகள். அப்போது லெமூர் என்று எதுவும் இல்லை.

எங்களுக்கு அது குமரிக்கண்டமாகவே இருந்தது. அய்யாவின் உள்ளங்கை வெள்ளையாக இருந்தது.

பெயர் தெரிந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து முகம் தெரிகிறது. கறுப்பு மூக்கு. கண்ணைச் சுற்றிக் கறுப்பு. நடுவில் செம்மஞ்சள் விழிகள்.

தங்கையின் இடக்கண்ணில் வெண்மை படர்ந்திருக்கிறது.

*

படகுத்துறை.

காயலில் ஆகாயத்தாமரைத் திட்டுகள். மழை கிழக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிறது. அழிமுகம் நோக்கிப் போகின்றன. அவசரமில்லாமல்.

ஒன்றின் மேல் கொக்கு. நிற்கிறது. நிற்கிறபடியே போகிறது.

லெமூரின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து மடகாஸ்கருக்கு இப்படித்தான் வந்திருக்கும் என்கிறார்கள். ஆறு பிடுங்கிய மரத்திட்டில். நடுவே நானூறு கிலோமீட்டர் கடல். அது நடந்து ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

யாரும் கிளம்பியிருக்கமாட்டார்கள். உறங்கிய மரம் நகர்ந்திருக்கும்.

கொக்கு கழுத்தைச் சுருக்குகிறது.

*

காற்று மேற்கிலிருந்து.

இந்த மழையைக் கொண்டுவரும் காற்று தொடங்குகிற இடம் மடகாஸ்கருக்குக் கிழக்கே, மஸ்கரேன் தீவுகளின் பக்கம். அங்கே இப்போது குளிர்காலம். காற்று கனத்து, வடக்கே நகர்ந்து, ஆப்பிரிக்கக் கரையோரம் பூமத்திய ரேகையைத் தாண்டி, வலப்பக்கம் திரும்பி, கடல் முழுக்கக் குடித்துவிட்டு, இந்தச் சன்னலுக்கு வருகிறது.

கம்பியில் நெற்றியை வைக்கிறேன்.

ஈரம். துரு. உப்பு.

*

முதல் துண்டு மூத்தவளுக்கு. அவள் எடுத்த பிறகு தங்கைக்கு. ஆண் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறான். அவர்கள் முடிக்கும்வரை அவன் கை நீள்வதில்லை.

யாரும் கற்றுத் தந்ததில்லை. இந்தக் கூட்டங்களில் பெண்ணே முந்தி. கடைநிலைப் பெண்ணுக்கும் வளர்ந்த ஆண் வழிவிடும். இதை உலகத்துக்கு எழுதிக் காட்டியவர் அலிசன் ஜாலி. 1960-களின் தொடக்கத்தில் மடகாஸ்கரின் தெற்கே, மண்ட்ராரே ஆற்றங்கரையில், பெரன்டி என்ற காட்டுக்குப் போனார். பிறகு ஐம்பது ஆண்டுகள் போய்க்கொண்டே இருந்தார். 2014-ல் இறந்தார்.

ஒரே காடு. ஒரே விலங்கு. ஐம்பது ஆண்டுகள்.

படத்தில் தாத்தா தன் துண்டை எடுக்கிறார். முகர்கிறார். இரண்டு கையாலும் பிடிக்கிறார்.

*

பெரன்டிக் காட்டில் புளியமரங்கள்.

புளியமரம். இதைப் படித்தபோது ஏட்டை மூடிவிட்டேன். சிறிது நேரம் கழித்துத் திறந்தேன்.

ஆற்றோரக் காட்டில் வளையவால் பெரிதும் வாழ்வது புளியை நம்பித்தான். பழம், காய், பூ, கொழுந்து. ஓட்டைப் பல்லால் உடைத்து, நாரைத் துப்பி, சதையைத் தின்கிறது. நிழலும் அதே மரம். இரவு உறக்கமும் அதே மரம்.

புளியமரத்தடியில் உறங்காதே என்பார்கள் ஊரில். பேய் இருக்கும்.

*

அந்தக் காட்டின் புளியமரங்களும் முதியவை. கன்றுகள் போதிய அளவு எழவில்லை. காட்டுக்கு வெளியே கரிக்காகவும் விளைநிலத்துக்காகவும் மரங்கள் விழுகின்றன. மழை பொய்க்கும் ஆண்டுகள் கூடிவருகின்றன. வளையவால் அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில்.

பட்டியலை மடித்து வைக்கிறேன்.

*

கீழே கடையில் புளி. கொட்டை எடுத்தது, எடுக்காதது. ஓலைப்பாயில் பொதிந்த பழம்புளி, கறுத்தது.

சிறு துண்டைக் கிள்ளி நாக்கில் வைக்கிறேன். முதலில் புளிப்பு. கண் சுருங்குகிறது. பிறகு பல்லோரத்தில் ஒரு துவர்ப்பு. அது நெடுநேரம் இருக்கிறது.

கூண்டில் வாழும் லெமூர்களின் ஈரலில் இரும்பு சேர்ந்துவிடுவதுண்டு. காட்டுணவில் இருக்கும் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வெளியேற்றிவிடுகிறது. ஊட்டி வளர்க்கும் உணவில் துவர்ப்பு இல்லை. அதனால் சில இடங்களில் புளி சேர்க்கிறார்கள்.

மகள் அதற்கும் ஒரு படம் அனுப்புகிறாள். சிறு கிண்ணம். அதில் புளியம்பழம் ஒன்று, ஓட்டோடு. தங்கை அதைத் தூக்கி, கண்ணருகே கொண்டுபோய், வெண்மை படராத கண்ணால் பார்க்கிறாள்.

ஓடு உடையும் ஒலி கேட்கிறது. தெளிவாகக் கேட்கிறது.

பற்கள் கூசுகின்றன. என் பற்கள்.

*

மாத்திரை நேரம்.

மூத்தவளுக்கும் மருந்துண்டு. வலிக்குக் கொடுக்கும் சொட்டு. வாழைப்பழத் துணுக்கில் விடுகிறார்கள். மற்றபடி பழம் மிகக் குறைவு. முன்னெல்லாம் கூடை கூடையாகப் பழம் போட்டார்கள். சர்க்கரை நோய் வந்தது. பல் சொத்தையானது. சந்தையில் கிடைக்கும் பழம் காட்டுப் பழத்தைவிட இனிப்பு மிகுந்தது. இப்போது கீரை, காய், இலை.

மாமனாருக்கு மாத்திரையை நேந்திரம்பழத்துக்குள் வைத்துக் கொடுத்த நாட்கள். அவருக்குத் தெரியும். தெரியாததுபோல் விழுங்குவார்.

*

நான்கு நாளாகப் படம் இல்லை.

கேட்கவில்லை.

12.30. மழை. 12.40. மழை.

குஜராத்தி ரோட்டில் ஜைனக் கோயிலின் புறாக்கள் எழும்புகின்றன. நண்பகலில் தானியம் இறைப்பார்கள். ஒரே நேரத்தில் இறங்குகின்றன. ஒரே நேரத்தில் எழுகின்றன. அந்தச் சிறகோசை கூரைகளின் மேல் உருண்டு வருகிறது.

கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறேன். நிமிர்த்தி வைக்கிறேன்.

*

ஐந்தாம் நாள்.

"பாட்டிக்குப் பல்லு எடுத்தாங்கம்மா. கீழ்ப்பல்லு. மயக்கம் தெளிய ரொம்ப நேரமாச்சு. இந்த வயசுல மயக்க மருந்துன்னா பயம்தான். இப்ப நல்லாருக்கா."

நல்லாருக்கா.

தண்ணீர் குடிக்கிறேன். தண்ணீர் இறங்குவது தெரிகிறது.

*

லெமூரின் கீழ்வரிசை முன்பற்கள் ஆறும் நெருங்கி, முன்னோக்கிச் சாய்ந்து, சீப்பாக இருக்கின்றன. ஒன்றையொன்று வாரிக்கொள்வது அதனால்தான். விரலால் இல்லை. பல்லால்.

மூத்தவளின் சீப்பில் இப்போது இடைவெளி.

படத்தில் தங்கை அவள் பின்கழுத்தை வாருகிறாள். ரோமம் பிரிகிறது. அடியில் வெளிறிய தோல் ஒரு கணம் தெரிந்து மறைகிறது. மூத்தவள் தலையைச் சாய்க்கிறாள். தன் முறை வந்ததும் அவளும் குனிகிறாள். வாருகிறாள். ரோமத்தில் வரி சரியாக விழவில்லை. மறுபடி வாருகிறாள்.

தங்கை கண்களை மூடியிருக்கிறாள்.

*

இதே சன்னலடி. பேன் சீப்பு. மகளின் தலை மடியில். ஞாயிற்றுக்கிழமைகள்.

சீப்பு மரத்தாலானது. அலமாரியில் எங்கோ.

தேங்காயெண்ணெய் வாடை ஒன்று வந்து போகிறது. எங்கிருந்தென்று தெரியவில்லை.

*

வளையவால் கூட்டத்தில் மகள்கள் தாயோடு தங்கிவிடுகிறார்கள். மகன்கள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகிறார்கள். போனவர்கள் சில ஆண்டுகளில் அங்கிருந்தும் போகிறார்கள்.

தாய், மகள், மகளின் மகள். ஒரே புளியமரம்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறேன்.

*

கொட்டாரம்.

ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் காட்டப் போகிறேன். போர்த்துகீசியர் கட்டிக்கொடுத்து, டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனை. தரை கறுப்புக் கல்போல மின்னுகிறது. கல் இல்லை. சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் செடிச்சாறும் முட்டை வெள்ளையும் சேர்த்து மெழுகியது.

பள்ளியறைச் சுவரில் இராமாயணம். காவி, மஞ்சள், பச்சை. வானரங்கள் கூட்டமாக. கண்கள் பெரியவை.

எல்லோரும் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள்.

சுவரின் கீழோரம் நிறம் உதிர்ந்திருக்கிறது. அங்கே ஒரு வால் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உடல் இருந்த இடத்தில் சுண்ணாம்பு.

காவலர் நாற்காலியில் கண்ணயர்ந்திருக்கிறார். மின்விசிறி சுற்றுகிறது.

*

ஆவணி. மழை இடைவெளி விடுகிறது.

யூதர்களின் சினகாகுக்குப் பக்கத்து மணிக்கூண்டு. 1760-ல் எழுந்தது. நடக்கும்போது அதன் மணி காட்டும் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பது வழக்கம். நேரம் பார்ப்பதற்காக இல்லை.

மிளகு காயவைத்த தரைகள் இப்போது பழம்பொருள் கடைகள். உருளி, பத்தாயம், கப்பல் விளக்கு. ஒரு கடையில் பழைய எடைக்கற்கள். ஒன்றைத் தூக்குகிறேன். இரும்பு குளிர்ந்திருக்கிறது. கையில் இருக்க இருக்கச் சூடாகிறது.

*

மகள் வேலை பார்க்கும் இடத்தில் பழைய கிளைகள் உயரமானவை. மூத்தவள் ஏறிவிடுகிறாள். இறங்கத்தான் முடியவில்லை. கீழே பார்த்தபடி நிற்பாளாம்.

புதிய படம். தரையிலிருந்து பலகைவரை சாய்வாக ஒரு மரம். அதைச் சுற்றிக் கயிறு. நெருக்கமாக, இடைவெளி விடாமல்.

மூத்தவள் வருகிறாள். முதலில் முகர்கிறாள். வலக்கையை வைக்கிறாள். உள்ளங்கை கறுப்பு. சுருக்கங்கள் நிறைந்த, மெத்தென்ற தோல். ஐந்து விரல்கள். ஐந்திலும் நகம்.

கயிற்றின் முறுக்குக்கும் முறுக்குக்கும் நடுவே விரல் பதிகிறது. பிடி கிடைக்கிறது.

இடக்கை.

வால் பின்னால் கிடக்கிறது. அது பிடிப்பதற்கு உதவாது. நிலை தடுமாறாமல் இருப்பதற்கு மட்டும்.

ஓர் அடி. நிறுத்தம். ஓர் அடி.

நாற்பது விநாடி முடிகிறது. அவள் நடுவழியில்.

*

மறுபடி பார்க்கிறேன்.

அது தேங்காய் நார்க் கயிறு.

*

கயிற்றுக்கடை. சுருள் சுருளாக. ஆலப்புழைப் பக்கத்திலிருந்து வருவது. மலையாளத்தில் கயர். அந்தச் சொல்லே ஆங்கிலத்துக்கும் போயிற்று. மட்டை உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறி, அடிபட்டு, நாராகி, உள்ளங்கையில் திரிந்து கயிறாகிறது.

ஒரு முழத்தை இழுத்துப் பார்க்கிறேன். உள்ளங்கையில் முள்முள்ளாகக் குத்துகிறது. நாற்றம் பிடித்திருக்கிறது. காயலின் நாற்றம்.

கடைக்காரர் எத்தனை மீட்டர் என்று கேட்கிறார்.

படிகளை எண்ணிப் பார்க்கிறேன். பதினான்கு.

*

ஆசாரி வந்திருக்கிறார். சுவரில் இரும்பு வளையங்கள் அடிக்கிறார். செங்கல் தூள் படியில் உதிர்கிறது. கயிற்றை வளையங்களினூடே கோத்து, மேலே ஒரு முடிச்சு, கீழே ஒரு முடிச்சு.

தொங்கிப் பார்க்கிறார். தாங்குகிறது.

அவர் போனபின் இறங்கிப் பார்க்கிறேன். வலக்கை. வலி எங்கே தொடங்குகிறது என்று முதல்முறையாகத் தெரிகிறது. முழங்காலில் இல்லை. அதற்குச் சற்று மேலே.

ஓர் அடி. நிறுத்தம்.

*

அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்துவிட்டார்கள். படம் இப்போது 1.30-க்கு வருகிறது. புறாக்கள் போய் ஒரு மணிநேரமாகியிருக்கும்.

*

லெமூர்களின் உடம்பு பகலின் நீளத்தைக் கணக்குப் பார்க்கிறது. மடகாஸ்கரில் சித்திரை, வைகாசியில் இணை சேர்கின்றன. பெண்ணுக்கு ஆண்டில் சில மணி நேரமே அந்தப் பருவம். புரட்டாசி வாக்கில் குட்டி.

வடக்கே கொண்டுபோனால் பகல் மாறுகிறது. உடம்பு ஆறு மாதம் தள்ளிப்போய்விடுகிறது. குட்டி பங்குனியில்.

இந்த மூன்றுக்கும் இனி அந்தக் கணக்கு இல்லை. ஆனாலும் பகல் குறையும்போது தாத்தா மணிக்கட்டில் உள்ள சுரப்பியை வாலில் தேய்க்கிறார். ஆண்கள் வாலில் மணமேற்றி ஒருவர்மேல் ஒருவர் வீசிச் சண்டையிடும் பருவம் அது. எதிரே யாருமில்லை. வாலை உயர்த்துகிறார். மெல்ல ஆட்டுகிறார்.

இறக்குகிறார்.

*

கார்த்திகை விளக்கு. சன்னலில் ஐந்து அகல்.

மகள் நேரடியாக அழைக்கிறாள். பின்னால் கூண்டிலிருந்து ஒரு குரல். பூனையின் குரல்போல. நீண்டு, மேலேறி, கேள்வியாக நின்றுவிடுவது. கூட்டத்தார் கண்ணில் படாதபோது அழைக்கும் குரல்.

இன்னொரு குரல் பதில் தருகிறது. பக்கத்திலிருந்துதான்.

"கண்ணு தெரியலல்ல, அதான். அக்கா பக்கத்துல இருக்காளான்னு அப்பப்ப கேட்டுக்குவா."

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

*

குளிர். அங்கே.

மூன்றும் ஒன்றாகச் சுருண்டிருக்கின்றன. எது யாருடைய வால் என்று சொல்ல முடியவில்லை. வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று. கறுப்பு, வெள்ளை, கறுப்பு. அந்த உருண்டை மூச்சு விடுகிறது. ஏறுகிறது. இறங்குகிறது.

ஆணையும் நடுவில் விட்டிருக்கிறார்கள்.

*

இரவு. கொசுவலைக்குள்.

சரக்குக் கப்பலின் ஊதல் ஒருமுறை. வில்லிங்டன் தீவின் பக்கமிருந்து.

பிறகு அது இல்லாத இடம்.

*

மார்கழி. காலை 8.10.

படிக்கட்டு தெருவைப் பார்த்தது. எதிர்க் கிட்டங்கியின் கூரை மேல் ஏறி வெயில் இறங்க இந்த நேரமாகும். முதலில் கதவு நிலையில் ஒரு கோடு. பிறகு கீழ்ப்படிகளில். மூன்றாம் படியில்தான் அது அகலமாக விழுகிறது. கால் மணி நேரம் இருக்கும்.

ஏலக்காய் மூட்டை ஒன்று எங்கோ பிரிகிறது. பச்சை வாடை.

கயிறு இரவின் ஈரத்தில் இறுகியிருக்கிறது. பிடிக்கிறேன். பதினான்கு. பதிமூன்று. முழங்கால் தன் மணலை நகர்த்துகிறது. ஏழில் நின்று மூச்சு.

ஆறு. ஐந்து.

மூன்றாம் படியில் வெயில். ஆடு ஒன்று முன்பே வந்து படுத்திருக்கிறது. தெருவோர ஆடு. கிழடு. மோவாயில் நரை. கண்களைத் திறந்து பார்க்கிறது. மூடிக்கொள்கிறது. வயிறு வெயிலுக்குத் திரும்பியிருக்கிறது.

கயிற்றை விடாமல், நான்காம் படியில் உட்காருகிறேன். கால்களை மட்டும் நீட்டுகிறேன்.

பாதத்தில் சூடு.

ஆட்டின் மூச்சு.